எவ்வளவு தேறுச்சு கண்ணு?

அப்பா வந்து இறங்குவதற்கு முந்தின நாள் ராத்திரி, அந்த வீட்டு கராஜில் ஒரு பெரிய ஒளித்துவைப்பு நடந்தது. 40 லிட்டர் எவர்சில்வர் பானை, கேஸ் அடுப்பு, அடியில் குழாய் வைத்த பெரிய ஐஸ் பெட்டி, கைப்பிடி போட்ட சின்ன அரவை மெஷின், வரிசையாக நின்ற பழுப்பு நிற பாட்டில்கள் என்று எல்லாவற்றையும் மூலைக்குத் தள்ளி, மேலே ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார் அவர்.

"மாமா என்னன்னு கேட்டா?" என்றார் மனைவி.

"தோட்டச் சாமான்னு சொல்லிக்கலாம்."

"அவரு விவசாயிங்க. வேற எதுன்னாலும் விட்டுருவாரு, தோட்டச் சாமான்னா மொதல்ல தூக்கிப் பார்ப்பாரு."

இடம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், போர்ட்லண்டுக்குப் பக்கத்துப் புறநகர். அவருக்கு வயது 43, சிப் வடிவமைக்கும் வேலை. சொந்த ஊர் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிக்குப் பக்கம். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகும் ஊர் அது. அவர் பெயர் இங்கே வேண்டாம். விஷயம் ஊருக்குத் தெரிந்தால் அடுத்த கல்யாணத்துக்குப் போய் நிற்க முடியாது.

விஷயம் இதுதான். அவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்.

படிக்கும்போதே முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். நம் ஊரில் இது குற்றம். 1937-லேயே வந்த மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் ஒரு பாட்டில் காய்ச்சினாலும் கம்பி எண்ண வேண்டியதுதான். அமெரிக்காவில் கதை வேறு. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம் இதை அனுமதித்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீடு என்றால் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை வரி இல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ள ரொம்ப நாளானது. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் வழிக்கு வந்தது 2013-ல்தான்.

ஆக, சட்டத்துக்குப் பயந்து அந்தத் தார்ப்பாயைப் போடவில்லை. சித்தப்பாவுக்காகப் போட்டது. அப்பாவின் ஒரே தம்பி. சாராயத்தில் போனவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அப்பா, மது பரிமாறும் ரிசப்ஷனுக்குப் போனால் பந்தியில் உட்காராமல் திரும்பி வந்துவிடுவார்.

அப்புறம் ஏன் இவர் காய்ச்சுகிறார்? குடிக்கத்தான் என்று நினைத்தால் பாதி தப்பு. வாரத்துக்கு ஒரு கிளாஸ்; மீதியெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போய்விடும். அவரைப் பிடித்து ஆட்டுவது வேறொன்று. அலமாரியில் எண்ணெய்க் கறையோடு இருக்கும் ஒரு கோடுபோட்ட நோட்டு. அதில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் எதிரே ஓர் எண். 74, 75, 75, 76, 75. பிறகு திடீரென்று 66. அடுத்தது 65. அதற்கடுத்ததும் 65. அடிக்கோடு, கேள்விக்குறி, இன்னொரு கேள்விக்குறி.

அந்த எண் என்ன என்று புரிய, நம் வீட்டுச் சமையலறைக்கு ஒரு நடை போய்வந்தால் போதும்.

தேங்காயைத் துருவி அரைத்து முதல் பால் பிழிகிறோம். பிறகு சக்கையில் வெந்நீர் விட்டு இரண்டாம் பால். கெட்டிக்காரப் பாட்டிகள் மூன்றாம் பாலும் எடுப்பார்கள். ஆனாலும் சக்கையோடு கொஞ்சம் பால் போகத்தான் செய்யும். பீரும் அப்படித்தான் தொடங்குகிறது. முளைகட்டிக் காயவைத்த பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதை உருளையில் உடைத்து, 65 - 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால், தானியத்தில் இருக்கும் என்சைம்களே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, சக்கையில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு இரண்டாம் முறையும் வடிக்க வேண்டும். இந்தச் சாற்றை ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்ப்பதெல்லாம் பிற்பாடு. நோட்டில் இருக்கும் எண் அதற்கெல்லாம் முந்தியது. மால்ட்டுக்குள் இருந்த சர்க்கரையில் எவ்வளவு பானைக்கு வந்தது, எவ்வளவு சக்கையோடு போனது? இதை எஃபிஷியன்ஸி என்கிறார்கள். நம் பாஷையில், எவ்வளவு தேறியது.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அவர் ஒரு தடவைக்கு 5 கிலோ மால்ட் போடுவார். அதில் கரைந்து வரக்கூடிய சத்து, பெரும்பாலும் சர்க்கரை, சுமார் 78 சதவீதம். அதாவது 3.9 கிலோ. கடைசியில் கிடைப்பது 25 லிட்டர் சாறு. அதில் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடி மிதவையைப் போட்டால் 1.045 என்று காட்டும். தண்ணீரைவிட அந்த அளவுக்குக் கனம். அட்டவணையைப் பார்த்தால், எடையில் 11.2 சதவீதம் சர்க்கரை என்று அர்த்தம். 25 லிட்டர் சாற்றின் எடை 26 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதில் 11.2 சதவீதம் என்றால் 2.92 கிலோ. 3.9-ல் 2.92 வந்திருக்கிறது; 75 சதவீதம். மிதவை 1.039 என்று காட்டினால் 2.53 கிலோதான். 65 சதவீதம்.

"நானூறு கிராம் பார்லிச் சர்க்கரை போனா என்ன? ஒண்ணு ரெண்டு டாலர் இருக்குமா? அதுக்கு மூணு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்பது மனைவியின் கட்சி. காசுக் கணக்கில் அவர் சொல்வது முழுக்க நியாயம். பெரிய ஆலைக்கு ஒரு சதவீதம் என்றாலும் லாரிக் கணக்கில் மால்ட். வீட்டில் காய்ச்சுபவருக்கு அது டீச் செலவு. ஆனால் அதே அரிசி, அதே தண்ணீர், அதே அடுப்பு, சாதம் மட்டும் திடீரென்று வேறு பதத்தில் வந்தால் எந்தச் சமையல்காரர் சும்மா இருப்பார்?

முதலில் அவர் சந்தேகப்பட்டது தானியத்தை அல்ல, தன் அளவையைத்தான். அது நல்ல பழக்கம். புதிதாகக் காய்ச்சத் தொடங்கிய காலத்தில் சாறு சூடாக இருக்கும்போதே மிதவையைப் போட்டு ஏமாந்தவர் அவர். மிதவை 20 டிகிரியில் சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டது. 60 டிகிரி சூட்டில் திரவம் விரிந்து லேசாகிவிடும், 1.045 காட்ட வேண்டியது 1.030-ஐ ஒட்டிக் காட்டும். கொதிக்கும்போது 25 லிட்டர் என்று கோடு காட்டுவது, ஆறினால் 24 லிட்டர்தான். இந்த இரண்டு தப்பையும் சேர்த்துச் செய்தால் எந்த எண் வேண்டுமானாலும் வரும். இந்த முறை எல்லாவற்றையும் ஆறவைத்துத்தான் அளந்தார். மிதவையைச் சாதாரணத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார், சரியாக 1.000 காட்டியது. தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தார், பூஜ்யம். சாற்றில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். மாவுச்சத்து மிச்சமிருந்தால் கருநீலமாக மாறும். மாறவில்லை. தராசில் தப்பில்லை, சாற்றில் தப்பில்லை, ஆனால் சர்க்கரை குறைகிறது. அப்படியே அதை விட்டுவிட்டு, அப்பாவை அழைக்க ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் பீரை அளந்த முதல் பிள்ளை இவர் இல்லை. 1760-களில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ஆல்ட்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்று ஓர் இளைஞர். குடும்பத் தொழிலே பீர் காய்ச்சுவது. கையைவிட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்லும் அப்பா. மகன் ஒரு தெர்மாமீட்டரை வாங்கி, அப்பாவின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துத்தான் பயன்படுத்தினாராம். அதோடு நிற்காமல் பெஞ்சமின் மார்ட்டின் என்பவர் செய்த ஹைட்ரோமீட்டர் ஒன்றையும் வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போய், அன்றைய பெரும் ஆலை முதலாளி சாமுவேல் விட்பிரெட்டிடம் காட்டினார். அவர் மதிக்கவில்லை. ஹென்றி த்ரேல் என்ற இன்னொரு முதலாளிதான் உற்சாகம் கொடுத்தார்.

1784-ல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் இப்படி அளப்பதைப் பற்றிப் புத்தகமே போட்டார். அதில் ஒரு வேடிக்கை. கறுப்பு பீருக்கென்று வறுத்த பழுப்பு மால்ட் விலையில் மலிவு என்று காலங்காலமாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள், அளந்து பார்த்தபோதுதான் வெளிர் மால்ட்டைவிட அதில் சர்க்கரை ரொம்பக் குறைவு என்று கண்டுகொண்டார்கள். ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. நிறம் போய்விட்டது. அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் 1817-ல் டேனியல் வீலர் மால்ட்டைக் கரியாக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கண்ணாடி மிதவை ஒரு நாட்டு பீரின் செய்முறையையே மாற்றிவிட்டது.

நம் கதைக்கு வருவோம். தார்ப்பாய் ரகசியம் சரியாக மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் ஏழு வயசுப் பேத்தி, கராஜில் சைக்கிளை எடுக்கும்போது, "அப்பாரு, அது அப்பாவோட பீர் ஃபேக்டரி!" என்று பெருமையோடு சொல்லிவிட்டாள்.

அப்பா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் அப்படியே போட்டு மூடினார். உள்ளே வந்து படுத்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு நாளும் மகனிடம் நேராகப் பேச்சில்லை, எல்லாம் பேத்தி வழியாகத்தான். "உங்கப்பன்கிட்டச் சொல்லு, கடிகாரம் நின்னு போச்சுன்னு." "உங்கப்பன்கிட்டக் கேளு, ஊருக்குப் போன் போட முடியுமான்னு." வந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் திரும்பும் டிக்கெட்டைப் பற்றி மருமகளிடம் விசாரித்தார்.

மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரோடு மகன் முன்னால் வந்து நின்றார்.

"உன்ற சித்தப்பன் எப்படிப் போனான்னு மறந்துபோச்சா?"

"மறக்கலீங்கப்பா. வாரத்துக்கு ஒரு கிளாஸ்தானுங்க."

"அவனும் மொதல்ல ஒரு கிளாஸ்தான்."

அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சொல்லவும் இல்லை.

"அப்பறம் எதுக்குடா இதைக் காய்ச்சறே?"

வாயால் சொல்லத் தெரியாமல், அவர் போய் அந்த நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியவில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதென்ன எழுபத்தஞ்சு, அறுவத்தஞ்சு?"

"உள்ள இருந்த சர்க்கரையில எத்தனை தேறுச்சுங்கற கணக்குங்கப்பா."

அப்பா நிமிர்ந்தார். "ரெக்கவரியா?"

கரும்பு போட்ட எந்தக் குடும்பத்திலும் இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. 100 கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை வந்தது என்பதுதான் ரெக்கவரி. மத்திய அரசு கரும்புக்கு அறிவிக்கும் விலையே அதைவைத்துத்தான். இப்போது அடிப்படை 10.25 சதவீதம், அதற்கு மேல் வந்தால் கூடுதல் விலை, குறைந்தால் குறைவு. அந்த எண்ணும் ஒவ்வொருவர் காட்டுக்கும் தனித்தனியாக வராது. ஆலை முழுவதுக்கும் சேர்த்து ஒன்று. அளப்பது ஆலை, கணக்குப் போடுவது ஆலை, சொல்வதும் ஆலை.

அப்பாவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். வாலிப வயதில் சொந்தமாக ஆலை போட்டு, கொப்பரையில் பாகு காய்ச்சிச் சர்க்கரை எடுத்தவர். பிற்பாடு ஆள் கிடைக்காமல் அதை விட்டுவிட்டு, கரும்பை ஒரு சர்க்கரை ஆலைக்குப் பதிந்துகொடுத்தவர்.

"ரெக்கவரி மாதிரிதானுங்க. ஆனா அது கரும்பு எடைக்குப் போடற கணக்கு. இது உள்ள இருந்த சர்க்கரைக்குப் போடறது."

"உள்ள எத்தனை இருந்துதுன்னு உனக்கு மொதல்லயே எப்படித் தெரியும்?"

ரொம்ப நல்ல கேள்வி. இந்தக் கணக்கின் அடித்தளமே அதுதான். மகன் மால்ட் மூட்டையைக் கொண்டுவந்து, அதில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார். மால்ட் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு தயாரிப்பிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மாவாக அரைத்து, அதிகபட்சம் எவ்வளவு கரையும், எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்துவைப்பார்கள். மூட்டை எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தத் தாள் கிடைக்கும். போனில் எடுத்துக் காட்டினார்.

அப்பா அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இத்தனை இருக்குதுன்னு விக்கறவனே எழுதிக் குடுக்கறானா?"

"ஆமாங்கப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம், டிக்கெட் பேச்சை விட்டுவிட்டு, இப்படிச் சொன்னார்: "நான் அதைத் தொட மாட்டேன். நீ குடிக்கறதும் எனக்குப் புடிக்கலை. சக்கையை மட்டும் ஒருக்கா பாக்கறேன்."

அந்தச் சனிக்கிழமை கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர் போடப்பட்டது. அப்பா குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்து, ஆலைக் கொட்டகையில் மேற்பார்வை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தானியத்தை உடைத்தார், வெந்நீரில் கொட்டினார், ஒரு மணி நேரம் மூடிவைத்தார். சாறு வடிய ஆரம்பித்ததும் கராஜ் முழுக்க ஒரு வாசனை. "ஹார்லிக்ஸ் வாசமாட்ட அடிக்குது" என்றார் அப்பா. ஹார்லிக்ஸிலும் இருப்பது முளைகட்டிய பார்லிதான் என்று மகன் சொன்னபோது நம்பவில்லை. ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். இன்னும் ஈஸ்ட் சேராத வெறும் இனிப்புச் சாறு. முகர்ந்து பார்த்து, பேத்திக்கு ஒரு வாய் கொடுத்து, தானும் ஒரு மிடறு குடித்தார்.

சாறு வடிந்து முடிந்ததும் எழுந்து வந்து, ஐஸ் பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு பிடி சக்கையை அள்ளினார். முறுக்கிப் பிழிந்தார். கரும்புச் சக்கையை அப்படித்தான் பார்ப்பார்கள். முறுக்கினால் சாறு சொட்டினால் உருளை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பார்லிச் சக்கை ஈரத்தோடுதான் இருக்கும், கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மகன் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா உள்ளங்கையை விரித்து, ஒரு விரலால் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு மணியை எடுத்துக் கடித்தார். இன்னொன்று. இன்னொன்று.

"பாதி மணி ஒடையவே இல்லியே கண்ணு. முழுசா இருக்குது பாரு."

பாதி என்பது கொஞ்சம் மிகை. ஆனால் ஐந்தில் ஒன்று முழுசாகத்தான் இருந்தது. இதைத்தான் அயோடின் சொல்லவில்லை. சாற்றில் மாவு இல்லை என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். உடையாத மணிக்குள் பூட்டிக்கிடக்கும் மாவு அதன் கண்ணுக்குத் தெரியாது. அப்பா அடியில் கையைவிட்டு இன்னொன்றையும் எடுத்தார். எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. பிட்டுக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று காய்ந்த மாவு.

"உங்கம்மா களி கிண்டறப்ப ஒரு கட்டி விழுந்தா என்ன சொல்லுவா? கொட்டற கையும் கிண்டற கையும் ஒண்ணா நிக்கக் கூடாதுன்னு."

மகன் மெஷினின் பக்கவாட்டுத் திருகைத் தொட்டுப் பார்த்தார். ஆடியது. சுற்றிச் சுற்றி அதிர்ந்ததில் எப்போதோ தளர்ந்து, இரண்டு உருளைக்கும் நடுவே இடைவெளி பெரிதாகியிருக்கிறது. வீட்டில் காய்ச்சுபவர்கள் இதைப் பார்க்க ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள். கிரெடிட் கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். அதை உருளைகளுக்கு நடுவே செருகினால் லேசாகப் பிடிக்க வேண்டும். அவருடைய கார்டு தொட்டுக்கொள்ளாமல் கீழே விழுந்தது. மூன்று வாரமாகத் தெர்மாமீட்டரை ஐஸில் முக்கிக்கொண்டிருந்தவருக்கு, இதைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"இறுக்கோணும். ரொம்ப இறுக்கிராதே, மாவாயிரும்" என்றார் அப்பா. அதுவும் சரி. உமி கிழியாமல் இருந்தால்தான் அதுவே சல்லடையாக நின்று சாற்றை வடித்துக் கொடுக்கும். மாவாக்கிவிட்டால் பசைபோல் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்காது.

அன்றைய சாறு எப்படியும் பழைய கதைதான். இருந்தாலும் அளக்க வேண்டுமே என்று மகன் பையிலிருந்து ஒரு சின்னக் குழலை எடுத்தார். ஒரு சாண் நீளம், ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி, மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் வளையம். ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டு சொட்டுச் சாறு போதும், மிதவைபோல ஒரு குவளை வேண்டாம். சொட்டு என்பதால் நொடியில் ஆறியும் விடும். கண்ணாடியில் சாற்றை விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

அப்பா சேரிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது கேன் ஆபீசர் வெச்சிருப்பானே, அதுதானே?"

அதேதான். கரும்பு முற்றிவிட்டதா என்று பார்க்க ஆலையிலிருந்து வருபவர்கள் கொண்டுவருவது. கரணையில் குத்தி, வரும் சாற்றை இதில் விட்டு, பிரிக்ஸ் எத்தனை என்று பார்ப்பார்கள். அதைப் பார்த்துத்தான் கட்டிங் ஆர்டர்.

"இருவது வருசம் பாத்திருக்கறேன், அவியதான் பாப்பாங்க. கண்ணுல வெப்பாங்க, நோட்டுல எழுதுவாங்க, சட்டைப் பையில போட்டுட்டுப் போயிருவாங்க. என்ன தெரியுதுங்கன்னு ஒருக்கா கேட்டேன். உனக்குப் புரியாது பெருசுன்னான். எனக்கு அப்ப நாப்பத்தி மூணு வயசு."

மகன் குழலை அவர் கையில் கொடுத்தார். ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை வளையத்தில் வைத்து, வாசல் பக்கம் திரும்பி நின்றார் அப்பா. மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் சர்க்கரை.

"பத்துக்குப் பக்கத்துல நிக்குது."

"அதானுங்கப்பா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

குழலைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே பேசினார். அந்த வருஷம் கட்டிங் ஆர்டர் தள்ளித் தள்ளிப்போனதை. வெட்டிய கரும்பு ஆலை வாசலில் வண்டியிலேயே மூன்று நாள் நின்று காய்ந்ததை. ரெக்கவரி கம்மி என்று சொன்னதை. அந்தப் பணமும் ஒரு வருஷத்துக்கு மேல் வராததை. தம்பி பங்குக் காட்டிலும் கரும்புதான். அவன் பெண்ணுக்குச் சீர் செய்யக் கடன் வாங்கியிருந்தான். கடன்காரன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த அன்றுதான், முதல் தடவையாகக் கடைக்குப் போனான்.

சித்தப்பா குடித்துச் செத்தார் என்று மகனுக்குத் தெரியும். எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"எங்க கரும்புல சர்க்கரை இருந்துச்சு கண்ணு. எனக்குத் தெரியும். எத்தனைன்னுதான் சொல்லத் தெரியலை."

அந்த நேரத்தில் பானை பொங்கி வழிந்தது. மகன் ஓடிப்போய் அடுப்பைக் குறைத்தார். அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று.

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை காய்ச்சினார். திருகை இறுக்கி, கார்டு வைத்துப் பார்த்து, நூல் சுற்றி ஆடாமல் கட்டினார் அப்பா. தானியத்தை மகன் மெல்ல மெல்லக் கொட்ட, மருமகள் மரத் துடுப்பால் கிண்டினார். கட்டி விழவில்லை. சக்கையைக் கிளறிப் பார்த்ததில் முழு மணி தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. குழலைக் கண்ணில் வைத்தது அப்பாதான். 11-க்குச் சற்று மேலே. மிதவை 1.045. பேத்தி போன் கால்குலேட்டரில் பெருக்கி, வகுத்து, "செவன்டி ஃபைவ்!" என்று கத்தினாள்.

"மூணாந்தரம் வெந்நி விட்டா இன்னும் வருமா?" என்று கேட்டார் அப்பா. வரும். ஆனால் சாறு நீர்த்துப்போன பிறகும் சக்கையை அலசிக்கொண்டே இருந்தால், உமியின் துவர்ப்பும் கூட வந்துவிடும், டீத்தூளைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தது போல. அதனால் பலரும் எழுபதுகளிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அப்பா தலையாட்டினார். கரும்பிலும் நுனிக் கொழுந்தைச் சேர்த்து ஆட்டினால் சர்க்கரை உப்புக் கரிக்கும், எடை கூடும், விலை போகாது என்றார்.

அந்த பீர் ஒரு மாதம் கழித்துத் தயாரானபோது அப்பா அதைத் தொடவில்லை. பாட்டிலில் அடைக்கும் அன்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டார். மகன் அந்த ஆறு மாதமும் வீட்டில் குடிக்கவில்லை. முழுதையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவின் பெட்டியில் அந்தக் குழலும் இருந்தது. மகன்தான் வைத்தார், எப்படி அளப்பது, எப்படித் துடைத்துவைப்பது என்று தமிழில் எழுதிய ஒரு தாளோடு. இப்போது அப்பாவுக்குச் சொந்தக் கரும்பு கிடையாது. பக்கத்துக் காட்டுக்காரர் போட்டிருக்கிறார்.

தைப் பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில், போர்ட்லண்டில் சாயங்காலம், கவுந்தப்பாடியில் விடிகாலை, வீடியோ காலில் வந்தார் அப்பா. தலையில் துண்டு, பின்னால் கரும்புத் தோகை, பக்கத்தில் இரண்டு மூன்று பேர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கையில் குழல்.

"எழுதிக்க கண்ணு. அடிக்கரணை இருவத்தி ஒண்ணு. நடுவால இருவது. நுனி பத்தொம்போது."

"முத்திருச்சுங்கப்பா. வெட்டலாம்."

"அது எனக்குத் தெரியாதா? எழுதிக்க. தேதியும் போட்டுக்க."